எல்லையில் மோதாமல் போகும் அலை: ஆர்னோல்ட் சொமர்ஃபெல்டின் வாழ்க்கை

மாத்தளையில் இருந்து இரத்தோட்டை ஊடாக லக்கலவுக்குப் போகும் பாதையில் ரிவர்ஸ்டன் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குப் பக்கமாக ஏறும் காற்று, முகட்டைத் தாண்டி, கிழக்கே லக்கலப் பக்கம் சரிந்து இறங்கும். பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது.

போன முறை நான் அங்கே போனது ஒரு நண்பனுடன். அவன் பிறந்தது வன்னியில். பல தடவை இடம்பெயர்ந்து, முகாமில் இருந்தபடி உயர்தரப் பரீட்சை எழுதி, பின்னர் பொறியியல் படித்தவன். இப்போது மலைகளின் மேலாகக் காற்று எப்படிப் பாய்கிறது என்பதைக் கணினியில் உருவகப்படுத்தும் ஆய்வில் இருக்கிறான். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நகரம் நீருக்குள் போன பிறகு கட்டப்பட்ட லக்கல புதிய நகரத்தில் ஒரு தேநீர்க்கடையில் இருந்துகொண்டு மடிக்கணினியைத் திறந்து காட்டினான்.

திரையில் நக்கிள்ஸ் மலையின் குறுக்குவெட்டு. காற்று மலையில் ஏறி இறங்குகிறது. இறங்கிய காற்று குலுங்கி, அந்தக் குலுக்கம் அலைகளாக மேலே வானத்துக்குப் போகிறது. இதுவரை எல்லாம் சரி. கணக்கில் இன்னும் சில மணி நேரம் கடந்ததும், நாங்கள் இருந்த இடத்தின் மேலேயே பெரும் புயல் ஒன்று வந்து விழுந்தது. உண்மையில் லக்கலவில் அன்றும் சரி, அதற்கு முன்னரும் சரி, அப்படியொரு புயல் இல்லை. மேலே போன அலைகள் அவன் போட்டிருந்த கணக்குப் பெட்டியின் மேல்விளிம்பில் மோதித் திரும்பிவிட்டன. வானத்துக்குக் கூரை கிடையாது. கணினிக்கு உண்டு. கூரையில் பட்டுத் தெறித்த அலை கீழே வந்து, இல்லாத புயலை உருவாக்கியிருந்தது.

இதற்கு என்ன மருந்து என்று கேட்டேன். அவன் சொன்ன பெயர் ஆர்னோல்ட் சொமர்ஃபெல்ட். உயர்தர இரசாயனவியல் படித்தவர்களுக்கு அணுவின் நீள்வட்டப் பாதைகளோடு இந்தப் பெயர் ஞாபகம் வரலாம். அந்த மனிதரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தபோது, ஒரு சமன்பாட்டை விடவும் அதிகமான விடயங்கள் அதில் இருந்தன. நம்மைப் போன்றவர்களுக்குப் பழக்கமான விடயங்களும் இருந்தன.

சொமர்ஃபெல்ட் 1868 டிசெம்பர் 5ஆம் திகதி கிழக்குப் பிரஷ்யாவின் கொனிக்ஸ்பேர்க் நகரில் பிறந்தார். தந்தை வைத்தியர். தத்துவஞானி காண்ட் வாழ்ந்த நகரம் அது. ஏழு பாலங்களையும் ஒரே தடவையில், ஒன்றைக்கூட இருமுறை கடக்காமல் நடந்து முடிக்கலாமா என்று கணிதவியலாளர் ஒய்லர் ஆராய்ந்த நகரமும் அதுதான். இன்று அந்தப் பெயரில் நகரம் இல்லை. இரண்டாம் உலகப்போரின் பின்னர் சோவியத் ஒன்றியத்தின் கைக்குப் போய் கலினின்கிராட் ஆகிவிட்டது. அங்கிருந்த ஜேர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சொமர்ஃபெல்ட் முதுமையில் பிறந்த ஊருக்குத் திரும்பிப் போக நினைத்திருந்தாலும், போவதற்கு அந்த ஊர் இருக்கவில்லை.

படிப்பும் அங்கேதான். 1891இல் கொனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். அக்கால ஜேர்மன் மாணவர் சங்கங்களின் வழக்கப்படி வாள்சண்டையில் கலந்துகொண்டு முகத்தில் தழும்பும் வாங்கிக்கொண்டார். ஒரு வருட இராணுவ சேவை செய்தார். அதன் பிறகும் பல வருடங்கள் விரும்பியே இராணுவப் பயிற்சிகளுக்குப் போய்வந்தார். குட்டையான உடல், முறுக்கிய மீசை, நிமிர்ந்த நெஞ்சு. அவரை முதன்முதலில் பார்த்த மாணவர்கள் பலர், பேராசிரியரைவிடக் குதிரைப்படை அதிகாரி என்றே நினைத்தார்களாம்.

1893இல் கணிதத்தின் தலைநகரமாக இருந்த கொட்டிங்கனுக்குப் போனார். அடுத்த வருடம் பீலிக்ஸ் கிளைன் என்ற பெரும் கணிதவியலாளரின் உதவியாளரானார். கிளைனிடம் அவர் கற்றது ஒரு மனப்பாங்கு. சுத்தக் கணிதம் ஒரு பக்கம், எந்திரமும் தண்ணீரும் காற்றும் இன்னொரு பக்கம் என்று பிரிக்கக்கூடாது என்பது கிளைனின் பிடிவாதம். அங்கேதான் சொமர்ஃபெல்ட் முதன்முதலாக அலைகளைப் பிடித்தார். ஓர் அலை கூரான விளிம்பைக் கடக்கும்போது நேரே போகாமல் நிழலுக்குள்ளும் வளைந்து நுழையும். நமது பாடப்புத்தகங்கள் இதைக் கோணல் என்று சொல்லும். அரைத்தளத் தடை ஒன்றின் விளிம்பில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு 1896இல் அவர் கொடுத்த விடைதான், அப்படியான ஒரு பிரச்சினைக்குக் கிடைத்த முதலாவது பூரணமான கணித விடை. அப்போது வயது 27.

அதன் பிறகு கிளவுஸ்தால் சுரங்கக் கல்லூரி. திருமணம். 1900இல் ஆகன் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் பதவி. ஆகன் காலத்தைச் சில வாழ்க்கை வரலாற்றுக் குறிப்புகள் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. என் பார்வையில் அது தவறு. கணிதவியலாளர் ஒருவர் தங்களுக்குப் பாடம் எடுப்பதைப் பொறியியலாளர்கள் அங்கே விரும்பவில்லை. அவர் அவர்களுடைய பிரச்சினைகளையே கையில் எடுத்தார். சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பெயாரிங்குக்கும் இடையில் எண்ணெய் ஒரு மெல்லிய படையாக எப்படி ஓடுகிறது என்பதை 1904இல் கணக்கிட்டார். எந்த வாகனத்தின் எஞ்சினைப் பிரித்தாலும் உள்ளே இருக்கும் பெயாரிங்கை வடிவமைக்க, சொமர்ஃபெல்ட் எண் என்ற ஓர் எண்ணை இன்றும் பயன்படுத்துகிறார்கள். அமைதியாக ஓடும் நீர் எந்தக் கட்டத்தில் குழம்பிச் சுழிக்கத் தொடங்குகிறது என்ற கேள்வி அவரை ஆயுள் முழுவதும் விடவில்லை. அதற்காக அவர் 1908இல் முன்வைத்த சமன்பாட்டில் அயர்லாந்தைச் சேர்ந்த ஓர் என்பவரின் பெயரும் அவருடைய பெயரும் சேர்ந்தே நிற்கின்றன. ஆக, பாய்பொருள்களின் கணக்கு அவருக்கு அயல்வீடு அல்ல, சொந்த வீடுதான்.

1906இல் மியூனிக் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. மாபெரும் பௌதிகவியலாளர் போல்ட்ஸ்மான் 1894இல் விட்டுப்போன கதிரை அதுவரை வெறுமையாகவே கிடந்தது. அடுத்த முப்பது வருடங்களில் அந்த ஒரு மனிதரின் வகுப்பறையில் இருந்து வெளியேறியவர்களின் பட்டியல் நம்ப முடியாதது. டெபாய், பௌலி, ஹைசன்பேர்க், பெதே ஆகிய நால்வரும் பின்னர் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் சொமர்ஃபெல்டுக்கு அது கிடைக்கவேயில்லை. 84 தடவை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை.

நல்ல ஆசிரியர் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அவர் செய்தது என்ன? தான் இன்னும் தீர்க்காத பிரச்சினைகளை மாணவர்களிடம் கொடுத்தார். பாடசாலையை விட்டு வந்து ஓரிரு வருடங்களே ஆன பௌலியிடம், சார்புக் கொள்கை பற்றிக் கலைக்களஞ்சியத்துக்குத் தான் எழுதவேண்டியிருந்த பெரிய கட்டுரையை ஒப்படைத்தார். பனிக்காலத்தில் மாணவர்களை ஆல்ப்ஸ் மலைக் குடில் ஒன்றுக்குச் சறுக்கி விளையாட அழைத்துச் செல்வார். கணக்கு அங்கேயும் தொடரும். ஹைசன்பேர்க்குக்குக் கொடுத்த கலாநிதிப்பட்டத் தலைப்பு அணு அல்ல, நீரின் குழம்பிய ஓட்டம். 1923இல் நடந்த வாய்மொழிப் பரீட்சையில், பரிசோதனைப் பௌதிகவியல் பேராசிரியர் வீன் கேட்ட கேள்விகளுக்கு ஹைசன்பேர்க்கால் பதில் சொல்ல முடியவில்லை. மின்கலம் எப்படி வேலை செய்கிறது என்பதுகூடத் தெரியவில்லை. வீன் அவரைத் தோற்கடிக்கவே நினைத்தார். சொமர்ஃபெல்ட் விட்டுக்கொடுக்காமல் நின்றதால் குறைந்த தரத்திலாவது சித்தி கிடைத்தது. குவாண்டம் பொறிமுறையைத் தந்த மனிதர் மயிரிழையில் தப்பிய பரீட்சை அது.

இனி 1912க்கு வருவோம். லக்கலவில் விழுந்த பொய்ப்புயலுக்கான மருந்து அந்த வருடத்தில்தான் இருக்கிறது.

அது கம்பியில்லாத் தந்தி பரவிய காலம். ஓர் அலைக்கம்பத்தில் இருந்து கிளம்பும் அலை எங்கெங்கே எவ்வளவு வலுவுடன் போய்ச்சேரும் என்று கணக்கிடவேண்டிய தேவை வந்தது. மத்தளத்தின் தோலையோ வீணையின் கம்பியையோ கணக்கிடுவது வேறு. அவற்றுக்கு விளிம்பு உண்டு. விளிம்பில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிட்டால் உள்ளே நடப்பது தானாகத் தீர்மானமாகும். திறந்த வெளிக்கு விளிம்பு இல்லை. அப்படியானால் எதை வைத்து விடையைத் தீர்மானிப்பது?

ஒரு குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கல் விழுகிறது. வளையங்கள் விரிந்து கரை நோக்கிப் போகின்றன. இப்போது அதே காட்சியைப் படம் பிடித்துப் பின்னோக்கி ஓட்டுங்கள். எல்லாப் பக்கக் கரைகளில் இருந்தும் வளையங்கள் கிளம்பி, சுருங்கிச் சுருங்கி நடுவில் வந்து சேர்கின்றன. இரண்டாவது காட்சியை நாம் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் அலையின் சமன்பாட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் அது சரியான விடை என்றே ஏற்கும். இரண்டையும் எந்த விகிதத்தில் கலந்து கொடுத்தாலும் ஏற்கும். எனவே திறந்த வெளியில் ஒரு கேள்விக்கு எண்ணற்ற விடைகள் வந்துவிடுகின்றன.

சொமர்ஃபெல்டுக்கு முந்தியவர்கள் இதற்கு ஓர் உபாயம் வைத்திருந்தார்கள். வெளி முழுவதும் அலையைச் சிறிதளவு உறிஞ்சுவதாகப் பாவனை செய்து கணக்கிட்டு, கடைசியில் அந்த உறிஞ்சலைப் பூச்சியமாக்கிவிடுவார்கள். விடை சரியாக வரும், ஏன் என்பது தெளிவாக இருக்காது. சொமர்ஃபெல்ட் நேரடியாகவே ஒரு நிபந்தனையை எழுதினார். அலையின் ஊற்று ஊற்றாகவே இருக்கவேண்டும், உறிஞ்சும் குழியாக இருக்கக்கூடாது. ஊற்றில் இருந்து கிளம்பிய சக்தி முடிவிலியை நோக்கிச் சிதறிப் போகவேண்டும். முடிவிலியில் இருந்து எதுவும் உள்ளே வரக்கூடாது. இதை அவர், மிகத் தொலைவில் அலையின் உயரமும் அதன் சரிவும் ஒன்றோடொன்று எந்த உறவில் நிற்கவேண்டும் என்ற ஒற்றை வரிச் சமன்பாடாக்கினார். அதைச் சேர்த்ததும் விடை ஒன்றே ஒன்றாகிவிடும். இதற்குக் கதிர்ப்பு நிபந்தனை என்று பெயர். அவர் கூடுதல் பாதுகாப்புக்காக இன்னொரு நிபந்தனையையும் சேர்த்திருந்தார். அது தேவையே இல்லை, முதலாவது மட்டும் போதும் என்று 1943இல் ரெல்லிக் என்ற கணிதவியலாளர் நிறுவினார். மனிதருடைய உள்ளுணர்வு அவர் கொடுத்த நிரூபணத்தைவிட வலுவாக இருந்திருக்கிறது.

இரண்டு வருடங்களில் முதலாம் உலகப்போர் வந்தது. இந்த இடத்தில் சொமர்ஃபெல்டை வெள்ளையடித்துக் காட்ட நான் விரும்பவில்லை. அவர் தேசியவாதி. தன் நாட்டின் போர் நியாயமானது என்று நம்பினார். ஜேர்மன் பௌதிகவியலில் ஆங்கிலேயரின் செல்வாக்கைக் குறைக்கவேண்டும் என்று வீன் திரட்டிய அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். அதே அறிக்கையில் யொகன்னெஸ் ஸ்டார்க் என்பவரின் கையெழுத்தும் இருந்தது. அந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போரின் நடுவே அணுவின் உள்ளமைப்பு பற்றிய அவருடைய மிகப் புகழ்பெற்ற வேலை நடந்தது. 1919இல் வெளிவந்த அணுக்கட்டமைப்பும் நிறமாலைக் கோடுகளும் என்ற நூல், ஒரு தலைமுறைக்கே வேதம்போல ஆனது.

அந்த நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று சென்னையில் ஒரு தமிழ் மாணவரின் கைக்கு வந்தது. மாணவரின் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். நூலை யாருடைய உதவியும் இல்லாமல் தானே படித்து முடித்திருந்தார். 1928இல் சொமர்ஃபெல்ட் உலகச் சுற்றுப்பயணம் புறப்பட்டு இந்தியாவுக்கு வந்தார். இராமன் தன் கண்டுபிடிப்பை அறிவித்த அதே வருடம். கல்கத்தாவில் அவர் ஆற்றிய அலைப் பொறிமுறை விரிவுரைகளைக் குறிப்பெடுத்து நூலுக்கு ஆயத்தப்படுத்தியவர், இராமனோடு பணியாற்றிய வத்திராயிருப்புக்காரர் கே. எஸ். கிருஷ்ணன். 1929இல் கல்கத்தா பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது.

சென்னையில் சொமர்ஃபெல்ட் மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். சந்திரசேகருக்கு அப்போது பதினெட்டு வயதளவில். அடுத்த நாள் அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்ச் சந்தித்தார். உங்கள் நூலைப் படித்துவிட்டேன் என்ற பெருமிதத்தோடு போனவருக்கு இடி விழுந்த மாதிரி ஒரு செய்தி கிடைத்தது. அந்த நூலில் உள்ள பௌதிகவியல் பழையதாகிவிட்டது. ஹைசன்பேர்க்கும் ஷ்ரோடிங்கரும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். சொல்லிவிட்டு அனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சொமர்ஃபெல்ட், உலோகங்களில் இலத்திரன்கள் பற்றித் தான் எழுதி இன்னும் வெளிவராமல் இருந்த கட்டுரையின் அச்சுப்படிகளை எடுத்து அந்த மாணவரிடம் கொடுத்தார்.

உலகின் முதல்தரப் பேராசிரியர் ஒருவர், காலனி நாடொன்றின் இளநிலை மாணவரிடம் இன்னும் அச்சேறாத தன் கட்டுரையைக் கொடுக்கிறார். சந்திரசேகர் அதைப் படித்து, புதிய புள்ளியியலைக் கற்று, சில மாதங்களில் சொந்தக் கட்டுரை ஒன்றை எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1929இல் அது ரோயல் சொசைட்டியின் ஏட்டில் வந்தது. 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் அதே புள்ளியியலை நட்சத்திரங்களுக்குப் பயன்படுத்தி, வெண்குள்ளன் நட்சத்திரம் ஒன்று ஒரு குறிப்பிட்ட திணிவுக்கு மேல் நிலைத்திருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார். 1983இல் நோபல் பரிசு. குருவுக்குக் கிடைக்காத பரிசு, ஹோட்டல் அறையில் ஒருமுறை சந்தித்த தமிழ் மாணவருக்கும் கிடைத்தது.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரல் 7ஆம் திகதி வந்த சட்டம் யூதர்களை அரச பதவிகளில் இருந்து நீக்கியது. ஜேர்மனியில் பல்கலைக்கழக ஆசிரியர்களும் அரச ஊழியர்களே. ஒரே நாளில் வேலை, ஊர், மொழி எல்லாம் அந்நியமாகிப்போனவர்களில் சொமர்ஃபெல்டின் மாணவர்கள் பலர் இருந்தார்கள். ஹான்ஸ் பெதேயின் தாய் யூதப் பெண். ரியூபிங்கன் பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. சொமர்ஃபெல்ட் மியூனிக்கில் அந்தக் கோடைகாலத்துக்கு ஓர் உதவித்தொகையை ஏற்பாடு செய்தார். பிறகு இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இடம் தேடிக்கொடுத்தார். வெளிநாடுகளில் இருந்த நண்பர்களுக்குக் கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன. இவர் திறமையானவர், இவருக்கு ஓர் இடம் வேண்டும் என்ற கடிதங்கள். அகதிகளுக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதியவர்களையும், அப்படியொரு கடிதத்தால் கரையேறியவர்களையும் நம்மில் பலருக்குத் தெரியும். அவற்றின் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை. ஒரு காலத்தில் தேசியவாத அறிக்கையில் கையெழுத்திட்ட அதே கை அந்தக் கடிதங்களை எழுதியது.

1935இல் அவருக்கு ஓய்வு வயது வந்தது. தனக்குப் பின் ஹைசன்பேர்க் வரவேண்டும் என்று விரும்பினார். பல்கலைக்கழகமும் விரும்பியது. அங்கேதான் யொகன்னெஸ் ஸ்டார்க் மறுபடி வருகிறார். நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர், தீவிர நாசி. ஐன்ஸ்டைனின் பௌதிகவியல் யூதப் பௌதிகவியல், அதைக் கற்பிப்பவன் ஜேர்மானியனாகப் பிறந்திருந்தாலும் வெள்ளை யூதன் என்ற பிரசாரத்தின் பின்னால் நின்றவர். 1937 யூலையில் எஸ்எஸ் படையின் பத்திரிகை ஹைசன்பேர்க்கை அப்படியே தாக்கியது. துரோகி என்ற பட்டம் ஒரு சமூகத்துக்குள் எப்படி வேலை செய்யும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விசாரணைகள் நடந்தன. ஹைசன்பேர்க் தப்பினார், பதவி மட்டும் கிடைக்கவில்லை. வாரிசு இல்லாத காரணத்தால் சொமர்ஃபெல்டே வருடக்கணக்கில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். 1939 டிசெம்பரில் வில்ஹெல்ம் மியூலர் என்பவரை அந்தக் கதிரையில் இருத்தினார்கள். நவீன பௌதிகவியலையே நிராகரித்த மனிதர். உலகின் மிகச் சிறந்த கோட்பாட்டுப் பௌதிகவியல் பள்ளி ஒரு நியமனத்தில் முடிந்துபோனது. கட்டடம் குண்டுவீச்சில் உடைவதற்கு முன்னரே உள்ளே இருந்தது உடைந்துவிட்டது.

வெளியே தள்ளப்பட்ட கிழவர் வீட்டில் இருந்துகொண்டு, முப்பது வருட விரிவுரைகளை ஆறு தொகுதிகளாக எழுதத் தொடங்கினார். இரண்டாவது தொகுதி பாய்பொருள்கள் பற்றியது. ஆறாவதில் கதிர்ப்பு நிபந்தனை மறுபடியும் வருகிறது. போர் முடிந்ததும் மியூலர் நீக்கப்பட்டார். 1946இல் சொமர்ஃபெல்ட், பவேரிய விஞ்ஞானக் கழகத்தில் மீண்டும் சேரும்படி பழைய நண்பர் ஐன்ஸ்டைனைக் கேட்டார். ஐன்ஸ்டைன் மறுத்துவிட்டார். தன் இனத்தவர்களைக் கொன்றொழித்த நாட்டின் எந்த நிறுவனத்தோடும் தனக்கு இனி உறவு இல்லை என்பதே அவருடைய பதிலின் சாரம். சொமர்ஃபெல்ட் போன்ற ஒரு சிலர் மீதான மதிப்பு மட்டும் குறையவில்லை. நல்லிணக்கம் என்ற சொல்லை இங்கே அடிக்கடி கேட்கும் நமக்கு இந்தப் பதில் புதிதல்ல. தனிமனித நட்பு வேறு, நிறுவனத்தோடு கைகுலுக்குவது வேறு.

1951 மார்ச் மாத இறுதியில் மியூனிக்கில் பேரப்பிள்ளைகளுடன் நடந்து போய்க்கொண்டிருந்தபோது வாகனம் ஒன்று அவரை மோதியது. காது மந்தமாகியிருந்தது. ஏப்ரல் 26ஆம் திகதி, 82ஆவது வயதில் இறந்தார். விரிவுரைத் தொகுதிகளில் ஒன்று முடியாமல் இருந்தது. அடுத்த வருடம் மற்றவர்கள் அதை முடித்து வெளியிட்டார்கள்.

அவருடைய நிபந்தனை கணினிக்குள் நுழைவதை அவர் பார்க்கவில்லை. முடிவிலியில் எதுவும் திரும்பி வரக்கூடாது என்று அவர் எழுதினார். கணினியால் முடிவிலி வரை போக முடியாது. கடலிலோ வானத்திலோ ஒரு பெட்டியை வெட்டியெடுத்து அதற்குள்தான் கணக்கிடும். பெட்டியின் ஓரம் ஒரு சுவராக மாறிவிடும். எனவே முடிவிலிக்கான நிபந்தனையை அந்த ஓரத்திலேயே பொருத்தவேண்டியிருந்தது. வரும் அலையின் வேகம் தெரிந்தால், அதே வேகத்தில் அதை வெளியே போக விடலாம். ஆழிப்பேரலைக்கு இது ஓரளவு சுலபம். அதன் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல், 50 மீற்றர் ஆழத்தில் 80 கிலோமீற்றர் அளவு. மலைக்காற்று போன்றவற்றில் பல வேகங்களில் பல அலைகள் கலந்து வரும். பிரின்ஸ்டனில் இருந்த ஒர்லான்ஸ்கி 1976இல் ஒரு வழி சொன்னார். ஓரத்துக்கு அருகில் உள்ள புள்ளிகளில் சற்று முன்னர் என்ன நடந்தது என்று பார்த்து, அந்த நேரத்துக்கான வேகத்தைக் கணினியே ஊகித்துக்கொள்ளட்டும். அந்த வேகத்தை சொமர்ஃபெல்டின் நிபந்தனையில் போடட்டும்.

இதிலும் ஓட்டை உண்டு. எளிய நிபந்தனை ஓரத்தில் நேராக வந்து மோதும் அலையை முழுதாக வெளியே விடும். சாய்வாக வந்தால் ஒரு பகுதி திரும்பும். நேர்ப்பாதையில் இருந்து 45 பாகை சரிந்து வந்தால் அலையின் உயரத்தில் ஏறத்தாழ 17 வீதம், 60 பாகையில் மூன்றில் ஒரு பங்கு. 1977இல் எங்குயிஸ்ற், மஜ்டா இருவரும் இதைக் குறைக்கும் உயர்தர நிபந்தனைகளைத் தந்தார்கள். இன்னொரு வழி பஞ்சு அடுக்கு. ஓரத்துக்கு முன்னால் ஒரு பட்டையில் அலையைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சவைப்பது. உறிஞ்சலைத் திடீரென்று கூட்டினால் பஞ்சே சுவராகி அலையைத் திருப்பிவிடும். 1994இல் பெரெஞ்சே என்ற பிரெஞ்சுக்காரர் மின்காந்த அலைகளுக்காக, எந்தக் கோணத்தில் வந்தாலும் தெறிக்காத ஓர் அடுக்கை வடிவமைத்தார். பாய்பொருள்காரர்களும் அதைப் பின்பற்றினார்கள். இருந்தும், எல்லாவிதமான ஓட்டத்துக்கும் பொருந்தும் ஒரே மருந்து இன்றுவரை இல்லை.

இது கணினி அறையோடு முடியும் பிரச்சினை என்று நினைத்தால், 2004 டிசெம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். அன்று வந்தது ஒரு அலை அல்ல. முல்லைத்தீவிலும் கிழக்கிலும் முதல் அலை போனதும் பிள்ளைகளைத் தேடிக் கரைக்குத் திரும்பிப் போனவர்களை அடுத்த அலை கொண்டுபோனது. பின்னால் வரும் அலைகளில் சில வேறு கரைகளில் உண்மையாகவே மோதித் தெறித்து வருபவை. அவற்றைக் கணக்கு தவறவிடக்கூடாது. ஆனால் நடுக்கடலில் கணினி போட்ட கோட்டில் மோதித் திரும்பும் அலையும் திரையில் அதேபோலத்தான் தெரியும். இரண்டையும் பிரிக்காவிட்டால், எத்தனை மணிக்குப் பிறகு கரைக்குத் திரும்பலாம் என்று சனங்களுக்குச் சொல்ல முடியாது. என் நண்பனின் குடும்பத்தில் அன்று போனவர்கள் இருக்கிறார்கள். அவன் ஏன் இந்தத் துறைக்கு வந்தான் என்று நான் கேட்டதில்லை.

அன்று பின்னேரம் தேநீர்க்கடையிலேயே அவன் பெட்டியின் உயரத்தைக் கூட்டி, மேல்பகுதியில் பஞ்சு அடுக்கைத் தடிப்பாக்கி, உறிஞ்சலை மெதுவாகக் கூடும்படி மாற்றினான். கணக்கு ஓடி முடிய இரவு முழுவதும் எடுத்தது. காலையில் தங்குமிடத்து வாசலில் இருந்து திறந்து பார்த்தோம். காற்று மலையேறி இறங்கியது. அலைகள் மேலே போயின. பஞ்சுக்குள் போய் மங்கி இல்லாமல் போயின. இடது மூலையில் ஒரு சின்னத் தெறிப்பு மட்டும் இன்னும் இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவன், மாத்தளை பஸ் வரும் சத்தம் கேட்டதும் கணினியை மூடினான்.